60 கிரெடிட் சேத்தா ரெண்டு வருஷம் மிச்சமா?

கடிதம்:

வணக்கம் அண்ணா, டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோல இருக்கோம். பொண்ணு லெவன்த் கிரேடு. டூயல் கிரெடிட், அதாவது ஸ்கூல் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் (ரெண்டு வருஷ காலேஜ்) கோர்ஸ் படிச்சு ரெண்டுக்கும் கணக்கு காட்டறது, எடுத்து இதுவரைக்கும் 18 கிரெடிட் வச்சிருக்கா. ஸ்கூல் முடியறதுக்குள்ள 60 ஆக்கிட்டா காலேஜ்ல ரெண்டு வருஷ ஃபீஸ் மிச்சம்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. அவளுக்கு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ஆசை. ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்து படிக்கறா, பாக்கவே கஷ்டமா இருக்கு. இதெல்லாம் நிஜமாவே யூனிவர்சிட்டில எடுத்துப்பாங்களா?

பதில்:

வணக்கம்மா. எடுத்துப்பாங்க. ஆனா எடுத்துக்கறது வேற, டிகிரி கணக்குல சேக்கறது வேற, இது எனக்கு லேட்டா தான் புரிஞ்சது. என் பையன் 34 கிரெடிட்டோட போனான், எல்லாமே டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சுன்னு போர்ட்டல்ல பாத்து வீட்ல பாயசம் வச்சோம், ஓரியன்டேஷன் அன்னிக்கு அட்வைசர் டிகிரி ஆடிட்டை, அதாவது டிகிரிக்கு எதெல்லாம் கணக்காகுதுங்கற பட்டியலை, திறந்து காட்டினப்போ தான் தெரியுது, அதுல 13 கிரெடிட் சும்மா எலெக்டிவ்னு, விருப்பப் பாடமா ஓரமா நிக்குது, இன்ஜினியரிங்ல அதுக்கு இடமே இல்ல. பையன் முகம் வாடினது இன்னும் கண்ணுல இருக்கு.

டெக்சாஸ்ல பப்ளிக் காலேஜுக்குள்ள பொதுவான கோர்ஸ் நம்பர் இருக்கு. இங்கிலீஷ் 1301னா முதல் 1 ஃபர்ஸ்ட் இயர், அடுத்த 3 கிரெடிட் எண்ணிக்கை, அந்த நம்பர் இருந்தா ஸ்டேட்டுக்குள்ள பெரும்பாலும் பிரச்சனை இல்லாம போயிடும். கோர்னு 42 கிரெடிட் பொதுப் பாடத் தொகுப்பு ஒண்ணு இருக்கு, அதை முழுசா முடிச்சிருந்தா இன்னொரு பப்ளிக் யூனிவர்சிட்டி மொத்தமா ஏத்துக்கணும். ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306 நாலும் கண்டிப்பா எடுக்கச் சொல்லுங்க, அமெரிக்க ஹிஸ்டரி 6, கவர்ன்மென்ட் 6 கிரெடிட் இல்லாம இங்க எந்த பப்ளிக் யூனிவர்சிட்டியும் டிகிரி குடுக்காது, அது சட்டம். ஆனா காலேஜ் அல்ஜீப்ரா, மேத் 1314, இன்ஜினியரிங்குக்கு உதவாது, அவங்க கணக்கே கால்குலஸ் 2413ல தான் ஆரம்பிக்குது. கெமிஸ்ட்ரில 1311 கிளாஸ், 1111 லேப், ரெண்டும் தனித்தனி கோர்ஸ், லேபை விட்டுடாதீங்க.

ஸ்டேட்டை விட்டு வெளிய போனா, இல்ல பெரிய பிரைவேட் யூனிவர்சிட்டிக்கு போனா கதை வேற. ஹைஸ்கூல் டிப்ளமாவுக்கே அந்த கோர்ஸை கணக்கு காட்டியிருந்தா எடுத்துக்க மாட்டோம்னு பல இடத்துல சொல்லிடுவாங்க.

அப்புறம் அந்த ரெண்டு வருஷம். கால்குலஸ், அதுக்கு மேல ஃபிசிக்ஸ், அதுக்கு மேல சர்க்யூட், ஒண்ணு முடிச்சா தான் அடுத்தது, அதனால கையில 60 இருந்தாலும் இன்ஜினியரிங்ல ரெண்டு வருஷம் மிச்சமாகறது ரொம்ப கஷ்டம். ஒரு செமஸ்டர் மிச்சமாகலாம், லோடு குறையும், அதுவே பெரிய நல்லது தானே.

ராத்திரி 1 மணின்னு எழுதியிருந்தீங்க, எனக்கு அது தான் கவலையா இருக்கு. ஏபின்னு ஸ்கூல்லயே காலேஜ் லெவல்ல எழுதற பரீட்சைல மார்க் கம்மியானா அனுப்பாம விட்டுடலாம், டூயல் கிரெடிட்ல சி வாங்கினா அது காலேஜ் ரெக்கார்டு, அழியாது. நாளைக்கு மனசு மாறி மெடிக்கல் ஸ்கூல் அப்ளை பண்ணினா, ஸ்கூல் படிக்கும்போது எடுத்த காலேஜ் கோர்ஸ் மார்க்கும் ஜிபிஏல, அதாவது சராசரி மார்க்குல வரும். தூக்கக் கலக்கத்துல ஆறு கோர்ஸ் எடுக்கறதுக்கு, தெளிவா மூணு எடுக்கட்டும்மா.

இந்த வாரமே அவ ஆசைப்படற மூணு யூனிவர்சிட்டியோட டிகிரி பிளானை இறக்கி, அந்த 18ஐயும் ஒவ்வொண்ணா அதுல பொருத்திப் பாருங்க, எது உக்காரலையோ அந்த வகைல இனிமே எடுக்க வேண்டாம். எல்லா சிலபஸையும் பத்திரமா வைங்க, கிரெடிட் மறுத்தா அப்பீலுக்கு அது தான் கேப்பாங்க. ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்ல (மார்க் லிஸ்ட்ல) கோர்ஸ் பேர் இருந்தா மட்டும் போதாது, கடைசி மார்க் ஏறினதும் கம்யூனிட்டி காலேஜ்ல இருந்தே நேரா டிரான்ஸ்கிரிப்ட் போகணும். நாங்க அதை ஆகஸ்ட்ல தான் அனுப்பினோம், அதுக்குள்ள பையனுக்கு வேண்டிய கிளாஸ்ல சீட் போயிடுச்சு. நீங்க ஜூன்லயே அனுப்பிடுங்க.