முதுகெலும்பில் ஸ்குரூ, ராடு: கேள்வி பதில்

முதுகெலும்பில் ஸ்குரூவும், ஸ்குரூக்களை இணைக்கும் ராடும் (உலோகக் கம்பி) பொருத்துவது பற்றி வேலூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

குடியாத்தம்: அம்மாவுக்கு இடுப்புல நாலாவது முள்ளெலும்பு (எல்4) நழுவி, நாலு ஸ்குரூ, ரெண்டு ராடு போட்டு மூணு மாசம் ஆச்சு சார். கழண்டுடுமா? தறியில எப்போ உட்காரலாம்?

பதில்: காலத்துக்கும் தாங்குவது ஸ்குரூவின் வேலை இல்லைங்க. ரெண்டு எலும்பும் ஒட்டி ஒன்றாகும் வரை ஆடாமல் பிடித்து வைக்கத்தான் அது. ஒட்ட ஆறு மாசம் முதல் ஒரு வருஷம் பிடிக்கும். ஒட்டாமலே போனால், கம்பியை வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒடிகிற மாதிரி ராடு ஒடியும். இல்லை, ஸ்குரூ தளரும். தளர்ந்தால் எக்ஸ்ரேயில் ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். குழித்தறியில் மணிக்கணக்கில் முன்னால் சாய்ந்தே இருக்கணும். அந்தப் பாரம் நேரே ராடு மேல்தான் விழும். எலும்பு ஒட்டியதைப் படத்தில் பார்த்து டாக்டர் சரி சொல்லும் வரை தறி வேண்டாம். நடக்கட்டும், நல்லது.

வேலூர், முதுநிலை மாணவர்: லம்பார் (இடுப்புப் பகுதி) பெடிக்கிள் (முள்ளெலும்பின் பின்பக்கக் குறுகிய தூண்) ஸ்குரூ சரியா போகுதான்னு கையிலேயே எப்படித் தெரியும் சார்? கடைசியில இன்னொரு சுத்து இறுக்கினா பிடிப்பு கூடுமா?

பதில்: குறுக்கு முள்ளின் (முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சி) நடுக்கோடும் மேல் மூட்டின் வெளி ஓரமும் சேரும் இடத்தில் எலும்பின் கெட்டியான மேல் ஓட்டைத் திறந்தால், ரத்தம் கசியும் பஞ்செலும்பு தெரியும். வளைந்த புரோபின் (எலும்புக்குள் வழி போடும் கம்பி) முனை முதல் 20 மி.மீ. வரை வெளிப்பக்கம் பார்க்கட்டும். பிறகு வெளியே எடுத்து, முனையை உள்பக்கம் திருப்பி, அதே வழியில் இறக்குங்கள். ஈர மணலில் குச்சி இறங்குகிற மாதிரி ஒரே சீரான தடை இருக்கணும். திடீரென்று கல்லாக நின்றால் திசை தவறு; அடித்து இறக்காதீர்கள். திடீரென்று வழுக்கினால் சுவர் உடைந்திருக்கிறது. உருண்டை முனைக் கம்பியால் நாலு சுவரையும் அடியையும் தடவிப் பாருங்கள். உள்சுவரிலும் கீழ்ச்சுவரிலும் கூடுதல் கவனம் வேண்டும். நரம்பு அங்கேதான் ஒட்டிப் போகிறது.

6.5 மி.மீ. ஸ்குரூ என்றால் டேப் (மரை வெட்டும் கருவி) அரை முதல் ஒரு மி.மீ. குறைவாக. பெரும்பாலோருக்கு 40 முதல் 50 மி.மீ. நீளம் போதும்.

அந்தக் கடைசிச் சுற்று வேண்டவே வேண்டாம். ஸ்குரூவின் தலை எலும்பில் முட்டினால் மேல் ஓடு விரிசல் விட்டு, கூடும் என்று நினைத்த பிடிப்பு குறைந்துவிடும். தலை அசையாததால் ராடும் உட்காராது. அதை வலிந்து அமுக்கினால் ஸ்குரூ மேலே இழுபடும். செட் ஸ்குரூவை (ராடை ஸ்குரூத் தலையில் பூட்டும் சின்னத் திருகு) முதலில் இடப்பக்கம் கால் சுற்று திருப்பி, மரை விழும் சின்ன ‘டக்’ கிடைத்த பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். கடைசி இறுக்கம் கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை; நிறைய செட்டுகளில் 10–12 நியூட்டன் மீட்டர்), கட்டாயம் கவுண்டர் டார்க் (ஸ்குரூ சுழலாமல் எதிர்த்துப் பிடிக்கும் கருவி) பிடித்து. இல்லையென்றால் அந்த முறுக்கு முழுவதும் ஸ்குரூ வழியாக எலும்புக்குப் போகும். ஒரு தடவை வளைத்த டைட்டானியம் ராடை திரும்ப நிமிர்த்தாதீர்கள். அந்தத் தழும்பில்தான் பிற்பாடு ஒடியும்.

வாலாஜாபேட்டை: அப்பாவுக்கு எலும்பு பலம் இல்லையாம், ஸ்குரூவோட சிமெண்ட் வைக்கணும்னாங்க. என்ன சிமெண்ட்?

பதில்: அது அக்ரிலிக் வகைங்க, வீடு கட்டுற சிமெண்ட் இல்லை. ஸ்குரூவின் நுனியிலுள்ள துளைகள் வழியாக ஒவ்வொன்றுக்கும் 1–2 மி.லி. போகும், பொலபொலத்த எலும்பில் இறுகி நின்று பிடிப்பு தரும். தண்ணியாக இருக்கும்போதே செலுத்தினால் ரத்தக் குழாயில் புகுந்து நுரையீரல் வரை போகலாம். பற்பசை பதத்துக்கு வந்த பிறகு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செலுத்துவது அதனால்தான். வைட்டமின் டி அளவையும் எலும்பு அடர்த்தியையும் முன்னாடியே பார்க்கச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை: டைட்டானியம் போட்டவங்க எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பதில்: பெரும்பாலும் எடுக்கலாம், ஸ்குரூ பக்கத்தில் படம் மங்கும். இம்பிளான்ட் ஸ்டிக்கரை (பொருத்திய ஸ்குரூ, ராடின் விவரம் உள்ள சீட்டு) டிஸ்சார்ஜ் ஃபைலில் கேட்டு வாங்கி வையுங்கள், ஸ்கேன் அறையில் அதைத்தான் கேட்பார்கள்.

ஆற்காடு: அண்ணனுக்கு ஆபரேஷன் ஆகி 12 நாள். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. தையல் போட்ட இடத்துல ரெண்டு நாளா நீர் கசியுது.

பதில்: பீடியை இன்றே நிறுத்தட்டும், நிக்கோட்டின் எலும்பை ஒட்டவிடாது. வாயில் அடக்கும் புகையிலையும் அப்படித்தான். ஆனால் கசிவுதான் அவசரம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கிருமி எது என்று பரிசோதனையில் பிடிபடாமல் போய்விடும். சீக்கிரம் திறந்து கழுவினால் பெரும்பாலும் ஸ்குரூவை எடுக்காமலே காப்பாற்றலாம். நாளைக்கு என்று தள்ளாமல், ஆபரேஷன் செய்த இடத்துக்கே இன்றைக்குக் கூட்டிப் போங்கள்.