பழைய பாலத்தில் பாதிவரை: வாசகர் கேள்விகளுக்கு ரீச்சர் பதில்

போன இதழில் மட்டக்களப்பு வாவிக்கரைப் பறவைகளைப் பற்றி நாலு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் போடவேண்டாம் என்று கேட்டவர்கள் அதிகம் என்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

ரீச்சர், அம்மாவுக்கு எழுபது வயதாகிறது, முழங்கால் வருத்தம். டொக்டர் நடக்கச் சொல்கிறார். அவவோ வளவுக்குள் சுற்றிச் சுற்றி அலுத்துப்போச்சு என்கிறா. பறவைகளும் பார்க்கக்கூடிய லேசான நடை ஏதும் இருக்கிறதா? (கல்லடி)

கல்லடியில் இருந்துகொண்டு என்னிடம் இடம் கேட்கிறீர்களே மகள்! புதுப்பாலம் 2013இல் திறந்த பிறகு பழைய இரும்புப் பாலத்தில் பெரிய வாகனங்களின் தொல்லை இல்லை. காலை ஆறரைக்கு அம்மாவை அதில் பாதிவரை கூட்டிப்போங்கள். பாதிவரைதான், அக்கரை போய்ச் சேரவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. கம்பியைப் பிடித்தபடி நிற்கலாம், கால் நொந்தால் திரும்பலாம். கீழே நீர்க்காகங்கள் முங்கி எழும்பும். வலைக்காரரின் தோணி வந்தால் அதற்கு மேலே செம்பருந்து வட்டமடிக்கும். மார்கழி முதல் பங்குனி வரை மீசை ஆலாக்களும் இருக்கும். சாம்பல் நிறம், கூரான செட்டை, தண்ணீரைத் தொடுவதுபோல் இறங்கி எதையோ கொத்திக்கொண்டு போய்விடும். மீசை ஆலாவுக்கு இந்த மாதங்களில் மீசை இருக்காது. கோடைகாலக் கோலத்தில்தான் கறுப்புத் தொப்பியும் அதன்கீழ் மீசைபோன்ற வெள்ளைப் பட்டையும் வரும். பெயரை நம்பித் தேடாதீர்கள்.

நடக்கவே முடியாத நாளில் காந்தி பூங்காவுக்கு ஓட்டோ பிடியுங்கள். சமதரை, வாங்கு இருக்கிறது, வாவி காலடியில்.

அம்மா கொஞ்சம் தேறிவிட்டால் பாலமீன்மடுப் பக்கம் போகலாம். 1913இல் கட்டிய வெளிச்சவீடு, 28 மீற்றர் உயரம், அதன் அடியில் இறங்கி முகத்துவாரப் பக்கமாக மெதுவாக நடந்தால் கண்டல் ஓரமும் மணல் திட்டும் இரண்டும் கிடைக்கும். ஞாயிறு பின்னேரம் மட்டும் வேண்டாம். சனம், ஐஸ்கிறீம் வாகனம், பாட்டு. பறவைகள் இருக்கும், உங்களுக்குத்தான் பொறுமை இருக்காது.

எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒரு விஷயம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். கல்லடி, ஆரையம்பதி, குருக்கள்மடம் என்று எழுவான்கரையில் நிற்கிறவர்களுக்கு வாவி மேற்கே. அவர்களுக்குக் காலைதான் நேரம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் நிற்கிறவர்களுக்குப் பின்னேரம். மாறிப் போனால் தண்ணீரின் பளபளப்பில் எல்லாம் கறுப்பு உருவமாகத்தான் தெரியும், கொக்கும் ஒன்று, காகமும் ஒன்று. பறவை பார்க்கப் போய் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் நடந்திருக்கும்.

மார்கழி விடுமுறையில் கொழும்பிலிருந்து பிள்ளைகளுடன் ஊருக்கு வருகிறோம். அதுதானே வெளிநாட்டுப் பறவைகள் வரும் காலம்? (வெள்ளவத்தை, சொந்த ஊர் செட்டிபாளையம்)

பறவைகள் ஆவணி புரட்டாதியிலேயே வரத் தொடங்கிவிடும். மத்திய ஆசியாப் பக்கமிருந்தும் அதற்கும் வடக்கேயிருந்தும் இறங்குகிறவை அவை. சித்திரைக்குள் பெரும்பாலானவை போய்விடும். அந்தக் கணக்கில் மார்கழி சரிதான். ஆனால் தண்ணீரின் கணக்கு வேறு.

மாரி மழை கொட்டும்போது வாவி நிரம்பி விளிம்பு தட்டி நிற்கும். சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்குக் கால் எட்டவேண்டும். குட்டைக்கால் பறவைக்கு இரண்டு விரல் ஆழம் போதும், நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் வரை தாங்கும். வெள்ளம் நிற்கிற மார்கழியில் அந்த ஆழத்தில் தண்ணீர் எங்கே? பறவையெல்லாம் வயலுக்குள்ளும் சின்னக் குளங்களுக்குள்ளும் சிதறிக் கிடக்கும். முகத்துவாரத்தில் மணல்மேடு வெட்டுப்பட்டு வெள்ளம் கடலுக்கு இறங்கிய பிறகு பாருங்கள், கரையோரமாகச் சேறு வெளிக்கும். அந்தச் சேற்றில் புழு, நண்டுக்குஞ்சு, இறால். அதற்குத்தான் அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கின்றன. ஆகவே மாசி, பங்குனி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாளைச் சனி ஞாயிறோடு சேர்த்து ரயில் ஏறுங்கள்.

மார்கழியில்தான் வரமுடியும் என்றால் வாவியை விட்டுவிட்டு வயல் வரம்புக்குப் போங்கள். குடை எடுத்துப்போங்கள்.

சித்திரைக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கிவிடும். அதில் நடப்பது பறவைக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

எல்லாக் கொக்கும் வெள்ளைதானே, எதை வைத்துப் பிரித்துச் சொல்வது? மகன் கேட்கிறான், எனக்குத் தெரியவில்லை. (களுவாஞ்சிக்குடி)

மகனிடம் உடம்பைப் பார்க்காதே, காலையும் அலகையும் பார் என்று சொல்லுங்கள்.

சின்னக் கொக்கின் அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். யாரோ மஞ்சள் செருப்புப் போட்டுவிட்ட மாதிரி. பட்டிருப்புப் பாலத்தடியில் ஓரமாக நிற்கிற ஒன்றைக் கொஞ்ச நேரம் விடாமல் பாருங்கள். ஒற்றைக்காலைச் சேற்றுக்குள் முன்னே நீட்டும். அந்தக் கால் மட்டும் நடுங்கும். உடம்பு அசையாது, கழுத்து அசையாது. கால் நடுங்க நடுங்கச் சேறு கலங்கும், பயந்த இறால் துள்ளும், அந்த நொடியில் அலகு இறங்கிவிடும். அடுத்த அடி, திரும்பவும் நடுக்கம். அது ஒன்றைப் பிடிப்பதற்குள் உங்கள் மகன் பத்துக் கேள்வி கேட்பான், கேட்கட்டும்.

மாட்டின் பின்னாலும் உழவு மெஷினின் பின்னாலும் ஓடுகிறது உண்ணிக்கொக்கு. அதற்கு அலகு மஞ்சள், கட்டை. இனப்பெருக்க காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். உயரமாய், கழுத்தில் கோணலான ஒரு மடிப்போடு தனியே நிற்பது பெரிய கொக்கு. வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னுக்குப் போகும், பைனாகுலர் இருந்தால் தெரியும். நடுத்தரக் கொக்கு சின்னதுக்கும் பெரியதுக்கும் இடையில். அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதே குழம்பவேண்டாம்.

குருட்டுக்கொக்கைத்தான் மகன் மிகவும் ரசிப்பான். வரம்பில் குந்தியிருக்கும்போது மண் நிறம், கிட்டப் போகும்வரை கண்ணில் படாது. எழும்பினதும் இரண்டு செட்டையும் பளிச்சென்று வெள்ளை.

எங்கள் வட்டைக்குள் நத்தைகுத்தி நாரை கூட்டமாக இறங்குகிறது. நெல்லை மிதிக்கிறது என்று சிலர் வெடி கொளுத்துகிறார்கள். உண்மையில் நட்டமா? (சம்மாந்துறை)

தம்பி, விதைத்த புதிதில் இளம் நாற்றுக்குள் ஐம்பது அறுபது இறங்கினால் மிதிபடத்தான் செய்யும். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வந்தது நெல்லுக்கு அல்ல. அதன் அலகைக் கிட்டப் பார்த்தீர்களா? மேலலகும் கீழலகும் நுனியில் சேரும், நடுவில் சேராது, இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை, வளர வளரத்தான் வரும். நத்தையை அமுக்கிப் பிடித்து, கூரான கீழலகை ஓட்டின் வாய்க்குள் விட்டுச் சதையை அறுத்து இழுத்தெடுக்கும். ஓடு உடையாமல் வரம்பில் கிடக்கும், பொறுக்கிப் பாருங்கள்.

நெல்லுக்குக் கைவைப்பது வேறு ஆட்கள். நீலத் தாழைக்கோழி தண்டை இழுத்துக் கடிக்கும். கதிர் முற்றும்போது சில்லைக் குருவிகள் வரும். அவற்றுக்கு வெடி கொளுத்தினால் அரை மணித்தியாலத்தில் திரும்பி வரும், நாரைதான் வராது. நத்தையை யார் தின்பது?

நடக்க விரும்புகிறவர்களுக்கு உங்கள் ஊர் வரம்புகளைத்தான் முதலில் சொல்வேன். வேளாண்மை வெட்டு நடக்கிற மாசி பங்குனியில் வெட்டு மெஷின் போகிற வயல் கண்டத்தின் ஓரமாக நின்றால் உண்ணிக்கொக்கு, நாரை, பருந்து, மைனா எல்லாம் ஒரே இடத்தில். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து இப்போது சுகம். தினமும் அரை மணித்தியாலம் நடக்கவேண்டும். கிட்டங்கிப் பக்கம் பறவை நிறைய என்கிறார்கள். ஆனால் முதலைப் பயம், யானைப் பயம். போகலாமா? (நிந்தவூர்)

முதலில் வாப்பாவைப் பார்த்த டொக்டரிடம் கேளுங்கள் மகள், அது என் பாடம் இல்லை.

கிட்டங்கித் தாம்போதி (தண்ணீருக்குக் குறுக்கே போகிற தாழ்ந்த தெரு) நல்ல இடம்தான். இரண்டு பக்கமும் புல்லும் ஆற்றுவாழையும். அதன்மேல் இலைக்கோழி நடக்கிற நடையைப் பார்க்கவேண்டும், விரல்கள் அவ்வளவு நீளம், தண்ணீரில் மிதக்கிற இலை தாழாது. ஆனால் பலத்த மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். அந்த நாட்களில் பறவைக்காகவும் போகக்கூடாது, வேறு எதற்காகவும் போகக்கூடாது. தண்ணீர் வற்றின பிறகும் வாகனம் ஓடுகிற பாதை என்பதால் ஓரமாக, வாகனத்துக்கு முகம் கொடுத்து நடக்கவேண்டும்.

முதலை இருக்கிறது. வாவியிலும் இருக்கிறது, களியோடையிலும் இருக்கிறது. தெருவில் நிற்கிறவரைத் தேடி அது வராது. தண்ணீர் விளிம்பில் குந்திக் கை கால் கழுவுகிறவர்தான் கவனமாக இருக்கவேண்டும். படம் எடுக்கிற ஆசையில் புல்லுக்குள் இறங்கவேண்டாம். யானைக்கு வேறு ஒழுங்கு. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறை வயல் ஓரங்களிலும் பொழுதுபட முன்னரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஐந்தரைக்குப் பிறகு அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை. ஊர்க்காரர் ஒருவர் இன்றைக்குப் போகாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்டு நிற்காமல் திரும்புங்கள்.

இன்னொன்று, கண்டல் ஓரத்தில் கொப்பு முறிக்கவேண்டாம். தில்லை மரம் கலந்து நிற்கும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் ஆபத்து.

குமணைக்குப் போகாமல் பறவை பார்த்தேன் என்று சொல்லலாமா ரீச்சர்? (அக்கரைப்பற்று)

தாராளமாகச் சொல்லலாம். குமணை பெரிய இடம்தான். 1985இல் மூடி 2003இல் திறந்த காடு, 2010இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கும்புக்கன் ஆற்றுத் தண்ணீர் ஊறுகிற ‘வில்லு’ என்ற சதுப்புக் குளத்தில் வைகாசி, ஆனியில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும் காட்சி நாட்டில் வேறெங்கும் எளிதாகக் கிடைக்காது. ஆனால் அது நடைக்கான இடம் இல்லை. ஜீப்பில் போகவேண்டும், இறங்கக்கூடாது. உகந்தை முருகனைக் கும்பிட்டுக் கதிர்காமத்துக்குக் காட்டுவழி போகும் அடியார்களுக்கு மட்டும் பாதயாத்திரைப் பருவத்தில் நடக்க வழி திறக்கும். அவர்களுக்கு வழி வேறு, கவனம் வேறு. பறவைப் புத்தகத்தோடு அந்தக் கூட்டத்தில் சேரலாமா என்று ஒருவர் எழுதியிருந்தார், அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன்.

வயதானவர்களுடன் தெற்கே போகிறீர்கள் என்றால் பொத்துவில் களப்புப் போதும். மீனவர்கள் தோணியில் கண்டலுக்குள் கூட்டிப்போவார்கள். உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் ஏறுங்கள், பேரம் ஏறும்போதே பேசிமுடியுங்கள்.

பைனாகுலர் வாங்கவேண்டுமா, போன் போதுமா? (ஏறாவூர்)

போன் போதாது. தூரத்து நாரையைப் போனில் பெரிதாக்கினால் வெள்ளைப் புள்ளிதான் வரும். 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 என்பது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீற்றரில், அது பெரிதாக இருந்தால் விடிகாலை மங்கலிலும் தெளிவு. இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று கடையில் காட்டுவார்கள். அது கையில் நடுங்கும், வேண்டாம். நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினாலும் குறைவில்லை.

போனில் மெர்லின் என்ற ஆப் இலவசம். நம் நாட்டுப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் டேட்டா இல்லாத இடத்திலும் பெயர் சொல்லும். சொல்வதை எல்லாம் நம்பவேண்டாம், காலையும் அலகையும் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குரலைக் கரையில் நின்று சத்தமாகப் போட்டுப் பறவையை அழைக்கிற விளையாட்டு மட்டும் வேண்டாம். அதுவும் கூடு கட்டும் நாளில்.

கூட்டைப் பற்றிச் சொன்னதால்: ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் மரத்தில் கூடு வைப்பதில்லை. காய்ந்த தரையில், சரளைக் கல்லுக்குள் முட்டை இடும். முட்டையும் கல்லின் நிறம். உங்கள் தலைக்கு மேல் ஆட்காட்டி சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் என்று அர்த்தம். படம் பிடிக்க நிற்காதீர்கள், நாய் கூட வந்திருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிப் போங்கள்.