ஸ்பானிஷ் பேசும் பெண்களும் கருத்தரிப்பு சிகிச்சையும்: கேள்வி பதில்

ஹியூஸ்டனில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள். நர்ஸ் வேலைக்கு முதன்முதலில் வந்தபோது எனக்கு அந்த மொழியில் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது. பிறகு படித்துத் தேர்வு எழுதி, நோயாளிகளிடம் நேரடியாக ஸ்பானிஷில் பேச அனுமதி வாங்கினேன். இந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (ஆஸ்டின், மென்பொருள் துறை): அக்கா, அமெரிக்க மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் இலவசம்தானே? டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஸ்பானிஷ் தெரிந்தே ஆக வேண்டுமா?

காய்ச்சலுக்கு வந்தவரிடம் பத்து நிமிடம் பேசி மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம். அதற்கு மொழிபெயர்ப்பாளர் போதும். ஐவிஎஃப், அதாவது கருமுட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை, அப்படி இல்லை. பாதி சிகிச்சையை அந்தப் பெண் தன் வீட்டில், தன் கையாலேயே செய்துகொள்கிறாள். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஊசி. ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் அளவு மாறும். கடைசி ஊசி கருமுட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்னால் விழ வேண்டும். "இரவு பத்தரை" என்றால் பத்தரைதான்.

இந்த மாற்றத்தையெல்லாம் சாயங்காலம் போனில் சொல்வோம். அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் லைனில் இருக்க மாட்டார். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கடைசி ஊசியின் நேரத்தை ஆங்கிலத்தில் வாய்ஸ்மெயிலாக விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அக்கா மகன் கேட்டுச் சொன்னான். அவள் மறுநாள் காலை பத்தரைக்குப் போட்டுக்கொண்டாள். அந்த மாத சிகிச்சை முழுவதும் வீண். கடன் வாங்கிக் கட்டிய பணம். நான் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தது அதற்கு அடுத்த வாரம்.

கேள்வி (நர்சிங் மாணவி, டாலஸ்): எந்தச் சொற்களில் அதிகம் குழப்பம் வரும் மேடம்?

முதலில் 'ஓவுலோ'. ஸ்பானிஷில் கருமுட்டைக்கும் அதே சொல், பெண்ணுறுப்புக்குள் வைக்கும் மருந்துக்கும் அதே சொல். எங்கள் சிகிச்சையில் இரண்டும் உண்டு. கர்ப்பப்பையைக் கருவுக்குத் தயார்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அப்படித்தான் வைக்கச் சொல்கிறோம். "எத்தனை ஓவுலோ இருக்கிறது?" என்று கேட்டால் ஒருவர் ஸ்கேனில் தெரிந்ததைச் சொல்வார், இன்னொருவர் டப்பாவில் மீதி இருப்பதைச் சொல்வார்.

அடுத்தது 'அபோர்தோ'. தானாகக் கலைந்த கருவுக்கும் அதுதான், கலைத்துக்கொண்டதற்கும் அதுதான். "இரண்டு அபோர்தோ" என்று ஒரு பெண் சொல்ல, அரைகுறை ஸ்பானிஷ் தெரிந்தவர் கருக்கலைப்பு என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு முறை தானாகக் கலைந்திருந்தால் கர்ப்பப்பை, ரத்தம் உறைதல், குரோமோசோம் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரே சொல்லால் அந்தப் பரிசோதனைகள் நடக்காமலே போகும். அதனால் நான் எப்போதும் "அது தானாகப் போனதா?" என்று தனியே ஒரு கேள்வி கேட்பேன். அந்தக் கேள்விக்கு அழாதவர்கள் குறைவு.

மருந்துச் சீட்டில் 'ஒரு தடவை' என்பதற்கான 'once' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் அப்படியே ஸ்பானிஷில் பதினொன்று என்று பொருள்படும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருந்துக்கடைகளில் கணினி மொழிபெயர்த்த சீட்டுகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. பாதிச் சீட்டுகளில் பிழை. அதனால் நான் அளவை எண்ணால் மட்டுமே எழுதுவேன்.

கேள்வி (சான் ஹோசே): கணவருக்கு ஆங்கிலம் தெரிந்தால் அவரே சொல்லிவிடலாமே?

கூடாது. 2010-இல் வந்த அமெரிக்க சுகாதாரச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவுப்படி, நோயாளியை மொழிபெயர்ப்பாளர் அழைத்துவரச் சொல்லவே கூடாது. அவசர நிலை தவிர வேறெப்போதும் சிறு பிள்ளைகளைச் சொல்ல வைக்கவும் கூடாது.

ஒருமுறை விந்துப் பரிசோதனை முடிவை டாக்டர் சொன்னார். விந்தணுக்களே இல்லை. கணவர் மனைவியிடம், "எனக்கு ஒன்றுமில்லையாம், உனக்குத்தான் இன்னும் டெஸ்ட் இருக்கிறதாம்" என்று சொன்னார். எனக்கு அப்போது ஸ்பானிஷ் புரியத் தொடங்கியிருந்தது. பேச்சை நிறுத்தச் சொன்னேன். டாக்டர் அவரைத் தனியே அழைத்து, மொழிபெயர்ப்பாளரைப் போனில் வைத்துப் பேசினார். மறுவாரம் அவரே மனைவியிடம் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். அவ்வளவு பாரத்தை அவர் தலையில் வைத்தது எங்கள் தப்பு.

கேள்வி (மருத்துவப் பயிற்சியில் இருப்பவர், மயாமி): செயலியில் ஒரு வருடம் ஸ்பானிஷ் படித்திருக்கிறேன். சமாளித்துவிடலாமா?

தம்பி, நலம் விசாரியுங்கள், பெயரைச் சரியாக உச்சரியுங்கள், அது ரொம்ப நல்லது. சிகிச்சை பற்றிய பேச்சு வந்ததும் மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். 1980-இல் உங்கள் தெற்கு ஃப்ளோரிடாவிலேயே 18 வயது இளைஞன் ஒருவனை மயக்கத்தில் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் 'இன்டாக்சிகாடோ' என்றார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கேட்டவர்கள் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கை கால் நான்கும் செயலிழந்தன. நஷ்டஈடு சுமார் 71 மில்லியன் டாலர். அன்று யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை, புரிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். அதனால்தான் அரைகுறை மொழிக்குப் பயப்படச் சொல்கிறேன்.

கேள்வி (கலிஃபோர்னியா, ஆராய்ச்சி மாணவி): ஸ்பானிஷ் பேசும் பெண்கள் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏன்?

உங்கள் ஊரிலேயே காரணம் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் பெரிய அரசு மருத்துவமனையில் பிரசவ வலியில் இருந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கி நிரந்தரக் கருத்தடை செய்தார்கள். கருக்குழாயைக் 'கட்டுவது' என்று சொன்னதால், பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்றே சிலர் நம்பினார்கள். பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். இளம் வழக்கறிஞர் அன்டோனியா எர்னாண்டஸ் அவர்களுக்காக நின்றார். 1978-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. ஆனால் அந்தப் போராட்டங்களின் பலனாக மத்திய அரசின் பணத்தில் நடக்கும் கருத்தடைக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும், மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற விதிகள் வந்தன.

இப்போது என் முன்னால் உட்காரும் பெண்களில் சிலருக்கு அந்தத் தலைமுறைப் பெண்கள் பாட்டிகள். நாங்கள் நீட்டும் படிவமோ லேசானதில்லை. உறைய வைத்த கருக்களை விவாகரத்து ஆனால் யார் வைத்துக்கொள்வது, ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்கிறது. அதை ஸ்பானிஷில், ஒவ்வொரு பத்தியாக, அவர் திருப்பிச் சொல்லும்வரை படித்துக் காட்டுவேன். ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

கேள்வி (அட்லாண்டா): லத்தீன் அமெரிக்காவிலிருந்து வரும் எல்லோருக்கும் ஸ்பானிஷ் போதுமா?

போதாது. குவாத்தமாலாவிலிருந்து வருபவர்களில் மாம், கிச்சே என்ற பூர்வகுடி மொழிகளைப் பேசுபவர்கள் உண்டு. மெக்சிகோவின் வாஹாகாவிலிருந்து வருபவர்களில் மிஷ்தெக் என்ற பூர்வகுடி மொழியைப் பேசுபவர்கள் உண்டு. ஸ்பானிஷ் அவர்களுக்கு இரண்டாம் மொழி. எல்லாவற்றுக்கும் "சி, சி" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டினால் வீட்டில் என்ன மொழி என்று கேளுங்கள்.

கேள்வி (ஹியூஸ்டன், மருத்துவமனை நிர்வாகம்): மொழியைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகுமா? எங்கள் சிறிய மையத்தில் பணம் குறைவு, எதிலிருந்து தொடங்குவது?

எல்லாம் சரியாகாது. ஒரு ஐவிஎஃப் முயற்சிக்கே 15,000 டாலருக்கு மேல். காப்பீடு இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மாசசூசெட்ஸில் 1987 முதலே காப்பீட்டில் இந்தச் சிகிச்சை கட்டாயம். ஆனால் பல வருடம் கழித்துப் பார்த்தபோதும் வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த, வசதியான வெள்ளையர்கள்தான்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், சாயங்கால போனிலிருந்து. ஸ்பானிஷ் தெரிந்த டாக்டர் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். தேர்வு எழுதித் தேறிய ஒரு நர்ஸ் போதும்; மருந்தளவைச் சொல்லும் அந்த ஒரு மணி நேரத்தை அவரிடம் கொடுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். வாய்ஸ்மெயிலில் மருந்தளவு சொல்வதை இன்றே நிறுத்திவிடுங்கள்.