பதில்: ஆங்கிலம் சரளம்தான், கிளையன்டுடன் பேசும் ஃபோன் காலில் எடுபடவில்லை

வணக்கம் நண்பரே. மதுரை வடபழஞ்சி ஐடி பார்க்கில் வேலை, ஆங்கிலம் நன்றாக வரும், ஆனாலும் 'சுற்றி வளைத்துப் பேசுகிறார்' என்று அப்ரைசலில் (வேலை மதிப்பீட்டில்) மேனேஜர் எழுதிவிட்டார், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அங்கே மறுபடி டென்ஸில் இருந்து ஆரம்பிப்பார்கள். உங்கள் சிக்கல் இலக்கணத்தில் இல்லை, சொல்லும் வரிசையில்.

நாம் காரணத்தையெல்லாம் அடுக்கிவிட்டுத்தான் முடிவுக்கு வருவோம். நியூயார்க்கில் இருக்கும் கிளையன்ட் முடிவை முதல் வாக்கியத்திலேயே எதிர்பார்ப்பார். நீங்கள் இங்கே போட்ட உதாரணத்தையே பாருங்கள்: சர்வர் பிரச்சினை, ஒருவர் லீவு, டெஸ்டிங் தாமதம், கடைசியில்தான் சாஃப்ட்வேர் ரிலீஸ் தள்ளிப்போகிறது என்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். 'ரிலீஸ் வெள்ளி இல்லை, திங்கள். டெஸ்டிங் பாக்கி இருக்கிறது. உங்கள் தரப்பில் எதுவும் செய்ய வேண்டாம்.' இதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அந்த இடைவெளி சங்கடமாகத்தான் இருக்கும். இட்டு நிரப்பாதீர்கள், மீதியை அவரே கேட்பார்.

அப்புறம், அமெரிக்க உச்சரிப்பெல்லாம் தேவையே இல்லை. தேதியும் எண்ணும் வரும் இடத்தில் வேகத்தைக் குறைத்தால் போதும்.

காசு கொடுத்துக் கோச் வைத்தால், நீங்கள் எழுதிய மெயிலையே எடுத்துத் திருத்துகிறவராகப் பாருங்கள். கிளையன்ட் பெயர், விவரங்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள். கால் ரெக்கார்டிங் என்றால் கம்பெனி அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது.