மேடை கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நாடகத்தில் காட்சி மாறும் இருட்டில் கதிரை, மேசை இடம் தவறுது. நடிகர் முகத்தில் வெளிச்சமே விழுறதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: நடிகர் முகத்தில் வெளிச்சம் விழும்படி விளக்குகளை ஒழுங்குபடுத்திய பிறகே கதிரை, மேசை வைக்கும் இடத்துக்குத் தரையில் குறி ஒட்டுங்கள், தங்கச்சி. முந்தி ஒட்டினால் மறுபடி உரிக்க வேண்டிவரும். பின்கால் இரண்டுக்கும் ‘ட’ வடிவில், விரல் நீளத் துணி டேப் போதும். முன்கால் குறி சபைக்குத் தெரியும். காட்சிக்கொரு நிறம். எந்த நிறமென்று பிரதியில் பென்சிலால் எழுதுங்கள், ஒத்திகையில் மாறும். கடற்கரைப் பக்கத்து மண்டபமென்றால் தரையில் ஈரம் இருக்கும், மணலும் ஒட்டும். உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் டேப் கிளம்பி நடிகரின் காலோடு போய்விடும். இருட்டில் ஒளிரும் டேப் வெளிச்சம் பட்டால்தான் ஒளிரும். முந்திய காட்சி மங்கலானதா? திரை திறக்க முன்னர் டோர்ச் அடித்து வையுங்கள்.