நூற்றில் ஒரு பங்கு பக்கத்தில் போய் என்ன பார்க்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலம் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அதை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு மாணவி எழுந்து, “சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரம், ஆதித்யா போனது 15 லட்சம் கிலோமீட்டர், அப்படியென்றால் நூற்றில் ஒரு பங்குதானே சார் பக்கத்தில் போயிருக்கிறது, அதற்குக் கொடைக்கானல் தொலைநோக்கியிலேயே பார்க்கலாமே?” என்றாள். சரியாகத்தான் கேட்கிறாள் என்று எனக்கும் பட்டது. அப்படியே போகத்தான் வேண்டுமென்றால், இனி கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் எதற்கு? மாணவர்கள் இந்தத் தகவல்களை எடுத்துப் பார்க்க வழி உண்டா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த மாணவிக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். செய்தித்தாள்கள் எல்லாம் “சூரியனை நோக்கிப் பாய்ந்தது” என்று எழுதிய நேரத்தில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்திருக்கிறாள். அவள் கணக்கு சரி. சூரியனைப் பெரிதாகப் பார்க்கத்தான் அங்கே போனார்கள் என்றால் அந்தப் பயணத்துக்கு அர்த்தமே இல்லை. அங்கே போனது காற்றை விட்டு, இரவை விட்டு, பூமியின் காந்தப்புலத்தை விட்டு வெளியே நிற்பதற்காக.

காற்றிலிருந்து தொடங்குகிறேன். பகலில் ஒரு கட்டடத்தின் நிழலுக்குள் சூரியன் முழுதாக மறையும்படி நின்றுகொண்டு, சுவர் விளிம்பை ஒட்டிய வானத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள் (நிழலை விட்டு ஒரு அடிகூட வெளியே வரக் கூடாது, சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது). சூரியன் மறைந்துவிட்டது, ஆனால் வானம் இன்னும் கண்ணைக் கூசுகிறது. காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெளிச்சம் அது. சூரியனைச் சுற்றியிருக்கும் கொரோனா என்ற மெல்லிய வெளிமண்டலம் சூரிய வட்டின் பிரகாசத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்பதால், இந்தப் பகல் வெளிச்சத்தில் அது மூழ்கிப்போகிறது. முழு கிரகணத்தின் சில நிமிடங்களில் மட்டும்தான் வெறும் கண்ணுக்குத் தெரியும். 1930இல் பெர்னார் லியோ என்ற பிரெஞ்சுக்காரர் தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு செயற்கைக் கிரகணத்தை உண்டாக்கும் கருவியைச் செய்தார், அதையும் பிக் து மிடி என்ற உயர்ந்த மலைக்குக் கொண்டுபோய்த்தான் பயன்படுத்த முடிந்தது. விண்வெளியில் காற்று இல்லை, சூரியனுக்குப் பக்கத்திலேயே வானம் கறுப்பு.

அங்கே போனதும் எல்லாம் சுலபமாகிவிடாது. ஆதித்யாவில் இருக்கும் கொரோனா கருவி பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் உருவானது. முதல் ஆடியில் பட்டு வரும் ஒளி இரண்டாவது ஆடிக்குப் போகும்போது, அதன் நடுவில் இருக்கும் ஒரு துளை வழியாகச் சூரிய வட்டின் ஒளி வெளியே போய்விடும், துளையைச் சுற்றி விழும் கொரோனாவின் ஒளி மட்டும் திரும்பிவந்து கேமராவுக்குப் போகும். வெளியேற்ற வேண்டிய ஒளி, வேண்டிய ஒளியைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் ஆடியில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் அது சிதறடிக்கும் ஒளி கொரோனாவை விழுங்கிவிடும். அதனால்தான் அந்த ஆடியின் மெருகுக்கும், அதைப் பொருத்திய அறையின் சுத்தத்துக்கும் அவ்வளவு மெனக்கெட்டார்கள். ராக்கெட் கிளம்பும் படத்தை எல்லோரும் பார்த்தோம், எனக்கு இந்த ஆடிதான் அதைவிடப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

இந்தியாதான் முதலில் அங்கே போனதா என்றால், இல்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1995 டிசம்பரில் ஏவிய சோஹோ என்ற விண்கலம், ஆதித்யா இருக்கும் அதே எல்1 என்ற இடத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. ஆனால் அதன் கொரோனா கருவிகளில் சூரியனுக்கு மிக அருகே பார்க்கக்கூடியது 1998இல் தொடர்பு அறுந்து மீண்ட சம்பவத்துக்குப் பிறகு வேலை செய்யவில்லை. மற்றவை சற்றுத் தள்ளித்தான் பார்க்க ஆரம்பிக்கும். ஆதித்யாவின் கருவி, மையத்திலிருந்து 1.05 சூரிய ஆரத்திலிருந்தே, அதாவது ஏறக்குறைய விளிம்பை ஒட்டியே பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டது. புதிர் இருப்பதும் அந்த இடத்தில்தான்.

என்ன புதிர் என்றால், சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலே இருக்கும் கொரோனாவோ 10 லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு ஏறுகிற மாதிரி. 1869 கிரகணத்தின்போது கொரோனாவின் நிறமாலையில், அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்ததில், ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் புதுத் தனிமம் என்று நினைத்துப் பெயர்கூட வைத்தார்கள். 70 ஆண்டுகள் கழித்துத்தான் அது நம் பழைய இரும்பு என்று புரிந்தது. 26 எலக்ட்ரான்களில் சரிபாதியை, 13ஐ, இழந்த இரும்பு. அவ்வளவையும் பிய்த்தெறிய 10 லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் மேலே எப்படிப் போய்ச் சேருகிறது என்பது இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. ஆதித்யா பார்க்கும் நிறமாலைக் கோடுகளில் அதே பச்சைக் கோடும் ஒன்று.

புற ஊதாக் கதிர்களிலும் காற்றுதான் தடை. புனேயில் உருவான இன்னொரு கருவி 200 முதல் 400 நானோமீட்டர் வரை சூரியனைப் படம் எடுக்கிறது. இதில் 300க்குக் கீழே இருப்பதைப் பெரும்பாலும் ஓசோன் தடுத்துவிடும். அது நம் தோலுக்கு நல்லது, ஆராய்ச்சிக்கு நஷ்டம். எக்ஸ் கதிர்கள் தரைக்கு வருவதே இல்லை.

அப்புறம், ஏன் 15 லட்சம் கிலோமீட்டர்? பூமிக்கு மேலே 500 கிலோமீட்டரில் நின்றாலும் காற்று இல்லைதானே என்று அடுத்து அந்த மாணவி கேட்பாள். பூமியை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளின் பார்வையைப் பூமியே மறைக்கும், பல பாதைகளில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இருட்டு வந்துவிடும். எல்1 அப்படியல்ல. சாதாரணமாகச் சூரியனுக்கு நம்மைவிட உள்ளே இருக்கும் பொருள் நம்மைவிட வேகமாகச் சுற்றி முன்னே போய்விட வேண்டும், ஆனால் அந்த இடத்தில் பூமியின் ஈர்ப்பு எதிர்ப்பக்கம் இழுத்துச் சூரியனின் பிடியைக் கொஞ்சம் தளர்த்துவதால் அதற்கும் ஒரு சுற்றுக்கு ஒரு வருடம் ஆகிறது, பூமியோடு சேர்ந்தே வருகிறது. சரியாக அந்தப் புள்ளியில் நின்றால் சூரியனின் ரேடியோ இரைச்சல் பின்னாலிருந்து சிக்னலைக் கெடுக்கும். அதனால் ஆதித்யா புள்ளியைச் சுற்றிப் பெரிய வளையமாகப் போகிறது, ஒரு சுற்றுக்குச் சுமார் 178 நாள்.

அந்த நூற்றில் ஒரு பங்கு உண்மையிலேயே பயன் தருவது எங்கே என்றால், சூரியக் காற்றில். நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் துகள்கள் எல்1ஐக் கடந்து பூமிக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சூரியனில் வெடிப்பு நடந்து கிளம்பிய பிழம்பு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 25 நிமிடம். பூமியின் காந்தப்புலம் அதைத் தொட்டுக் குழப்புவதற்கு முன்பே, அதற்குள் இருக்கும் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அங்கே அளந்துவிடலாம். தெற்கு நோக்கியிருந்தால் ஆபத்து அதிகம். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தது இப்படி வந்த ஒரு சூரியப் புயலால்தான். 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேவில் வானம் சிவந்ததும் இப்படித்தான்.

சரி, கொடைக்கானல். இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணமும் அந்த ஆய்வுக்கூடம் வரக் காரணமாக இருந்தது. 1909இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கம் ஓடுவதை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார், உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அந்த விளைவு அவர் பெயரால் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலான சூரியப் படங்கள் கண்ணாடித் தட்டுகளிலும் ஃபிலிமிலும் அங்கே இருக்கின்றன. ஆதித்யாவுக்குத் திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டு, சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் ஒரு சுழற்சிக்குச் சுமார் 11 ஆண்டு. ஒரு சுழற்சியில் பாதியைக்கூடத் தாண்டாத கருவியை வைத்துக்கொண்டு, இந்தச் சுழற்சி முந்தியவற்றைவிட எப்படி மாறுபடுகிறது என்று யாரிடம் கேட்பது? கொரோனா கருவியைச் செய்த அதே நிறுவனம்தான் கொடைக்கானலையும் நடத்துகிறது. ஒன்றை மூடி இன்னொன்றை வைத்துக்கொள்ளும் எண்ணம் அவர்களுக்கே கிடையாது.

கடைசிக் கேள்விக்கு: உண்டு. ஆதித்யாவின் தகவல்களை இஸ்ரோ 2025 ஜனவரி முதல் பொதுவில் தருகிறது, பிரதான் என்ற தளத்தில் பதிவு செய்துகொண்டால் எடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்புகளைத் திறக்கவே கொஞ்சம் நிரலாக்கம் வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் அதில் தொடங்கினால் சலித்துவிடுவார்கள். சோஹோவில் இருக்கும் லாஸ்கோ என்ற கொரோனா கருவி எடுத்த படங்களைக் கொடுங்கள். இணையத்தில் இலவசம், வெறும் படங்கள், அடுத்தடுத்துப் பல முறை எடுத்தவை. அவற்றில் இதுவரை 5,000க்கும் மேற்பட்ட வால்நட்சத்திரங்கள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டிலிருந்து பார்த்த ஆர்வலர்கள். சில புள்ளி அளவே உள்ள ஒரு மங்கல் பொட்டு, நாலைந்து படங்களில் ஒரே கோட்டில் ஒரே சீராகச் சூரியனை நோக்கி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு படத்தில் மட்டும் வந்து போவது கேமராவில் பட்ட துகள், அதை விட்டுவிடலாம். வகுப்பில் நாலு பேர் ஒரு கணினியில் உட்கார்ந்தால் போதும். கணக்குப் போட்ட அந்த மாணவியிடம் முதல் வாரப் படங்களைக் கொடுத்துப் பாருங்கள், ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் படத்தின் தேதி, நேரத்தோடு எனக்கு எழுதுங்கள்.