காரில் 12 நாளில் எட்டு பால்கன் நாடுகளைப் பார்த்துவிட முடியுமா?

உங்கள் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். செப்டம்பரில் 12 நாள், நான்கு பேர், ஒரு வாடகைக் கார். ஸ்லோவேனியாவில் தொடங்கி குரோஷியா, போஸ்னியா, செர்பியா, கொசோவோ, வடக்கு மாசிடோனியா, அல்பேனியா, மாண்டினீக்ரோ வரை. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் இருக்கின்றன, இது நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்டி முடித்துவிடலாம். ஆனால் எந்த ஊரையும் பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்கள் குடும்பமாக அந்தப் பக்கம் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை பத்து நாளில் ஆறு நாடுகள். அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் பாதிக்குமேல் கார் கண்ணாடி வழியாக எடுத்தவை. இரண்டாம் முறை 12 நாள், மூன்றே நாடுகள். வீட்டில் இன்றைக்கும் நாங்கள் பேசிக்கொள்வது அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றித்தான்.

அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடக் கூடாது. குரோஷியாவில் நெடுஞ்சாலை அருமையாக இருக்கும், 130 வரை போகலாம். அதை வைத்து மற்ற நாடுகளையும் எடைபோட்டுவிடுகிறோம். போஸ்னியாவின், மாண்டினீக்ரோவின் மலைப்பகுதிகளில் மணிக்கு 45, 50 கிலோமீட்டர் சராசரி வந்தாலே நல்ல வேகம். போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவிலிருந்து மாண்டினீக்ரோவின் கடலோர ஊரான கோட்டோருக்கு மேப் ஐந்து மணி நேரம் என்று காட்டியது. காலை ஒன்பதுக்குக் கிளம்பிய நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு.

ஏன் அவ்வளவு நேரம் என்றால், போஸ்னியாவின் ஃபோச்சா என்ற ஊரைத் தாண்டி மாண்டினீக்ரோ எல்லைக்குப் போகும் அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். மேப்பில் அது பிரதான சாலை. நேரில் பல இடங்களில் ஒரு லாரி வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். கடைசியில் போஸ்னியாவின் செக்போஸ்ட், அதைத் தாண்டியதும் தாரா ஆற்றின்மேல் ஒற்றை வண்டி போகிற அளவுக்கு ஒரு பழைய இரும்புப் பாலம். தளம் முழுக்க மரப்பலகை. சக்கரம் ஏறியதும் பலகைகள் தடதடவென்று அதிர்ந்தன, பின் சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. கீழே கண்ணாடி போலப் பச்சைத் தண்ணீர். தாராவும் பீவாவும் அங்கேதான் கூடி த்ரீனா ஆறாகின்றன. அந்தப் பக்கம் ஷ்செபான் போல்யே, மாண்டினீக்ரோவின் செக்போஸ்ட். அதன் பிறகு பீவா பள்ளத்தாக்கை ஒட்டி ஏறும் சாலையில் பாறையைக் குடைந்த சுரங்கப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பலவற்றில் விளக்குக் கிடையாது. பயப்பட வேண்டாம், அந்த வழியை நான் இன்னொரு முறையும் ஆசையாகப் போவேன். இருட்டுவதற்குமுன் அதைக் கடந்துவிடுகிற மாதிரி மட்டும் கிளம்புங்கள்.

அடுத்தது எல்லைகள். ஒவ்வொரு எல்லையிலும் வெளியேற ஒரு வரிசை, நுழைய ஒரு வரிசை. குரோஷியாவின் துப்ரோவ்னிக்குக்கும் கோட்டோருக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவிலுள்ள தெபெலி ப்ரியெக் எல்லையில் ஜூலை, ஆகஸ்டில் மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும். செப்டம்பரில் கூட்டம் குறையும், அதற்காக அந்த நாளில் வேறு பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனிலும் யூரோவிலும் இருக்கிறது. அதனால் ஸ்லோவேனியாவுக்கும் குரோஷியாவுக்கும் நடுவே வழக்கமான பாஸ்போர்ட் சோதனை கிடையாது, கண்டிப்பெல்லாம் குரோஷியாவின் தெற்கு, கிழக்கு எல்லைகளில்தான். 2025 அக்டோபரிலிருந்து படிப்படியாக, முத்திரைக்குப் பதில் கணினியில் பதிவு செய்யும் முறையும் வந்துவிட்டது. முதல் பதிவுக்குக் கூடுதல் நேரம் ஆகும்.

விசாவை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ‘மல்டிபிள் என்ட்ரி’ என்று இருக்கிறதா? சிங்கிள் என்ட்ரி என்றால் குரோஷியாவிலிருந்து போஸ்னியாவுக்குள் போன நொடியே உங்கள் ஷெங்கன் நுழைவு முடிந்துவிடும், திரும்பி வர முடியாது. மல்டிபிள் இருந்தால் போஸ்னியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் தனி விசா இல்லாமலேயே குறுகிய காலத்துக்குப் போகலாம். நாட்டுக்கு நாடு நிபந்தனை மாறும், ஆகவே கிளம்புமுன் அந்தந்த வெளியுறவு அமைச்சகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொசோவோவை இந்தப் பயணத்தில் விட்டுவிடச் சொல்வேன். ஊர் மோசம் என்பதற்காக இல்லை. அல்பேனியா வழியாகவோ மாசிடோனியா வழியாகவோ கொசோவோவுக்குள் போய், அங்கிருந்து நேராகச் செர்பியாவுக்குள் நுழையப் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொசோவோவைச் செர்பியா தனி நாடாக ஏற்கவில்லை, எனவே அவர்கள் கணக்கில் நீங்கள் முறையாக உள்ளே வராதவர். செர்பியா வழியாகப் போய் அதே வழியில் திரும்பினால் இந்தச் சிக்கல் இல்லை. கார் இன்சூரன்சும் தனி: மற்ற நாடுகளில் செல்லும் ‘கிரீன் கார்டு’ என்ற கார் இன்சூரன்ஸ் சான்று அங்கே செல்லாது, எல்லையிலேயே புதிதாக வாங்க வேண்டும்.

கார் எடுக்கும்போது எந்தெந்த நாட்டுக்குள் போகப் போகிறோம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். முதல் பயணத்தில் எங்கள் ஒப்பந்தத்தாளில் ஒரு நாட்டின் பெயர் விட்டுப்போயிருந்தது. அதற்காகப் பாதி நாள் போன் செய்து காத்துக்கிடந்தோம். கார் எடுத்த நாட்டை விட்டு வேறு நாட்டில் திருப்பிக் கொடுத்தால் கட்டணம் பல நூறு யூரோ ஏறிவிடும், ஆகவே வட்டமாகச் சுற்றி எடுத்த இடத்திலேயே விடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கி வாருங்கள். கொல்லிமலை ஏறியவருக்குக் கொண்டை ஊசி வளைவு புதிதில்லை. வலப்பக்கம் ஓட்டுவதுதான் புதிது, அதற்கு முதல் இரண்டு நாளை எளிதான சாலைக்குக் கொடுங்கள். போஸ்னியாவிலும் மாண்டினீக்ரோவிலும் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும், இல்லையென்றால் அபராதம்.

சரி, எப்படித்தான் போவது? எங்கள் இரண்டாம் பயணத்தை அப்படியே தருகிறேன். குரோஷியாவின் கடலோர நகரமான ஸ்பிளிட்டில் இறங்கி இரண்டு இரவு. பிறகு போஸ்னியாவில் மோஸ்தார் இரண்டு, சரயேவோ இரண்டு, மாண்டினீக்ரோவில் துர்மிதோர் மலையடியில் ஜாப்லியாக் இரண்டு, கோட்டோர் வளைகுடாவில் இரண்டு, துப்ரோவ்னிக் ஒன்று, மறுபடி ஸ்பிளிட். மொத்தம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீண்ட ஓட்டம் சரயேவோவுக்கும் ஜாப்லியாக்குக்கும் நடுவில் மட்டுமே, அதுதான் நான் சொன்ன மரப்பலகைப் பாலத்து வழி.

மோஸ்தாரில் ஏன் இரண்டு இரவு என்று என் மனைவியே முதலில் கேட்டாள். பகலில் துப்ரோவ்னிக்கிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வந்து கொட்டும், மாலையில் எல்லாம் கிளம்பிவிடும். காலை ஆறரைக்கு அந்த ஊரின் பேர்போன பாலத்தில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். 1566இல் ஒட்டோமான்கள் கட்டிய பாலம், 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியப் போரில் குண்டு வீசித் தகர்த்தார்கள், மறுபடி கட்டி 2004 ஜூலையில் திறந்தார்கள். நடந்து நடந்து கல் வழவழவென்று ஆகியிருக்கிறது. கால் வழுக்காமலிருக்கக் குறுக்கே வரிசையாகக் கல் வரம்பு வைத்திருக்கிறார்கள், அதன்மேல் கால் வைத்துத்தான் ஏறி இறங்க வேண்டும். அடியில் நெரெத்வா ஆறு. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அங்கே தங்கலாம்.

சரயேவோவுக்கு ஒரு நாள் போதவே போதாது. 1992இலிருந்து 1996 வரை முற்றுகையில் கிடந்த நகரம் அது. விமான நிலையத்துக்கு அடியில் 1993இல் தோண்டிய சுரங்கத்தின் ஒரு பகுதிக்குள் இன்றும் குனிந்து நடக்கலாம். தெருவில் ஷெல் விழுந்த சில தழும்புகளைச் சிவப்புப் பிசினால் நிரப்பி வைத்திருக்கிறார்கள், தெரியாமல் மிதித்துவிட்டு என் மகள் சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள். பாஷ்சார்ஷியா கடைத்தெருவில் பெரிய தட்டில் சுருட்டி வைத்து, மூடியின்மேல் தணல் போட்டுச் சுடும் பீட்டா என்ற, பூரணம் வைத்த மாவுப் பண்டம் கிடைக்கும். நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. போஸ்னியாவில் புரெக் என்றால் இறைச்சி வைத்தது மட்டும்தான். பாலாடைக்கட்டிக்கு சிர்னிட்சா, கீரைக்கு செல்யானிட்சா, உருளைக்கிழங்குக்கு க்ரொம்பிருஷா. இந்த மூன்று பெயரைத் தெரிந்துகொண்டால் சைவர் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். கூடவே தயிரும் தருவார்கள்.

போஸ்னியாவின் காட்டுப் பகுதியில் வண்டியை நிறுத்தி ஓரமாக ஒதுங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் ஓர் அடிகூட உள்ளே வைக்கக் கூடாது. பெட்ரோல் பங்க்கில் போய்க்கொள்வோம்.

பணத்துக்குப் பெரிய கவலை இல்லை. மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் யூரோதான். போஸ்னியாவில் மார்க், ஒரு யூரோவுக்கு 1.96 அளவில் வரும். மிச்சத்தை அந்த நாட்டை விட்டுக் கிளம்புமுன் செலவழித்துவிடுங்கள், வெளியே மாற்றுவது கஷ்டம். ஐரோப்பிய சிம்மின் இலவச ரோமிங் போஸ்னியாவிலும் மாண்டினீக்ரோவிலும் பொதுவாக வேலை செய்யாது, எல்லையைத் தாண்டுமுன் டேட்டாவை அணைத்துவிட்டு உள்ளூர் சிம் வாங்குங்கள். மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைப்பது அவசியம்.

திரும்பும்போது கோட்டோர் வளைகுடாவைச் சுற்றாமல் லெபெதானேயில் காரோடு படகில் ஏறிக் கமெனாரியில் இறங்கலாம், சில நிமிடம்தான். துப்ரோவ்னிக்கிலிருந்து ஸ்பிளிட்டுக்கு வரும் வழியில் முன்பெல்லாம் போஸ்னியாவின் நெயும் கடற்கரைத் துண்டைக் கடக்க இரண்டு எல்லை தாண்ட வேண்டும். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அல்பேனியாவை விட மனம் வரவில்லை என்றால் இன்னும் மூன்று நாள் சேர்த்துக் கோட்டோரிலிருந்து ஷ்கோதர் போய் வாருங்கள், கார்க்காரர்கள் அனுமதித்தால். செர்பியாவும் மாசிடோனியாவும் சேர்ந்து தனியாக ஒரு பயணத்துக்குக் காணும். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் ஸ்லோவேனியாவின் தலைநகர் லியூப்லியானாவை மறந்துவிட்டு, ஸ்பிளிட் போய் ஸ்பிளிட்டிலிருந்தே திரும்புவதாக எடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் அங்கே குறைவு, நான்கு பேர் பெட்டிகளோடு வேண்டுமென்றால் இந்த வாரமே சொல்லி வையுங்கள்.